ஒரு வாரம் முன்பே தெரியும் அலை

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்து வடிவில்.)



சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கூட்டம் தூங்கினால் பழி சமையல்காரர் மேல் போய்விடும். சங்கச் செயலாளர் போன் செய்து, "கடலைப் பத்திப் பேசுப்பா" என்று சொன்னபோது, ஊர்ப் பழக்கத்தில் எனக்கு முதலில் நிலக்கடலைதான் ஞாபகத்துக்கு வந்தது. "எந்தக் கடலை?" என்று கேட்டேன். "நீ முப்பது வருஷமா கல்லைக் கொண்டு போய்க் கொட்டுனியே, அந்தக் கடலை" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ராசிபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் படித்து, கட்டுமானத் துறைக்குள் நுழைந்து, துறைமுகங்களுக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டும் வேலையில் காலம் தள்ளியவன் நான். அந்த வேலையில் காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அன்றைய அலை அறிக்கை. அலை இன்ன உயரத்துக்கு மேல் வரும் என்றால் கிரேனை எடுக்கக் கூடாது, ஆளை இறக்கக் கூடாது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் சித்திரை மாதத்தில் வெயில் அறிக்கையை எப்படிப் பார்க்கிறாரோ அப்படித்தான். இங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வரும் வானிலை ஆலோசனையில் வெப்பம் கூடும் என்று போட்டிருந்தால், ஷெட்டில் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு பண்ணி விடுகிறோம். கோழிக்கு நாம் பார்க்கும் முன்னறிவிப்பை, கடலுக்குப் போகும்போது நம் பிள்ளைகளுக்குப் பார்ப்பதில்லை. என் பேச்சு அதைப் பற்றித்தான்.

2024 மே மாதம் 6-ஆம் தேதி நடந்ததை இங்கே பலர் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப் போய்விட்டது. ஒரு கல்யாணத்துக்காக வந்திருந்தவர்கள். புயல் இல்லை, மழை இல்லை. இன்னும் சொல்லப் போனால், எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. தென் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இந்தத் தேதிகளில் பெரிய அலை வரும் என்று ஹைதராபாத்திலிருந்து இரண்டு நாள் முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த அறிவிப்பு மீனவர்களுக்குப் புரியும். மேட்டு நிலத்திலிருந்து ஒரு நாள், இரண்டு நாள் கடல் பார்க்கப் போகிற நமக்கு அது காதில் விழுவதே இல்லை. விழுந்தாலும் 'காத்தே இல்லையே, அலை எங்கிருந்து வரும்' என்று தோன்றும்.

அந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிப்போம். அலை எங்கிருந்து வருகிறது?

மேட்டூர் அணைக்கரையில் நின்றிருப்பீர்கள். ஆடிக் காற்று அடிக்கும்போது நீர்த்தேக்கத்தில் சிற்றலை எழும், மதகுப் பக்கம் வந்து சளப் சளப்பென்று மோதும். காற்று நின்றால் சற்று நேரத்தில் அதுவும் அடங்கிவிடும். நமக்குத் தெரிந்த அலை இதுதான். காற்று இருந்தால் அலை, இல்லாவிட்டால் இல்லை. ஆனால் அலை எவ்வளவு பெரிதாகும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. காற்றின் வேகம், அது எத்தனை மணி நேரம் அடிக்கிறது, எவ்வளவு தூரம் தடையில்லாமல் தண்ணீர் மேல் ஓடுகிறது. மேட்டூரில் எவ்வளவுதான் காற்று அடித்தாலும் சில கிலோமீட்டரில் கரை வந்துவிடும். அலை வளர இடம் இல்லை.

பூமியில் அலை வளர்வதற்கு மிக நல்ல இடம் தெற்கே இருக்கிறது. தென் அட்சரேகை 40-லிருந்து 60 வரை உள்ள பகுதியில், தென்னமெரிக்காவின் நுனியையும் நியூசிலாந்து போன்ற சில துண்டு நிலங்களையும் விட்டால் குறுக்கே தடுக்க எதுவுமே கிடையாது. மேற்குக் காற்று உலகத்தையே சுற்றிச் சுற்றி ஓடுகிறது. பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகள் அந்த 40-ஆம் ரேகைக்கு 'உறுமும் நாற்பதுகள்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஒரு பெரிய புயல் சின்னம் உருவாகி இரண்டு மூன்று நாள் ஒரே திசையில் வீசினால், பத்து மீட்டருக்கு மேல் உயரமான அலைகள் எழும். அதாவது மூன்று மாடி வீட்டு உயரம்.

இனிமேல்தான் விசேஷம். காற்று நின்ற பிறகும் அந்த அலைகள் சாவதில்லை. புயலை விட்டுக் கிளம்பி, நெடும்பயணமாக வடக்கே வருகின்றன. எவ்வளவு தூரம்? இதை அளந்து காட்டியவர் வால்டர் மங்க். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த கடலியல் அறிஞர். 2019-இல் 101 வயதில் காலமானார். இரண்டாம் உலகப் போரில், 1944-இல் நார்மண்டிக் கரையில் படைகளை இறக்குவதற்கு அலை எப்படியிருக்கும் என்று கணித்துச் சொன்னது, அவரும் அவருடைய ஆசிரியர் ஸ்வெர்ட்ரப்பும் உருவாக்கிய முறைதான். 1963-இல் அவர் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக் கடலில் வரிசையாக அளவீட்டு நிலையங்களை வைத்தார். சமோவாத் தீவில் அவரே குடும்பத்தோடு போய்க் குடியிருந்தார். தென்துருவப் பக்கத்தில் பிறந்த அலை ஒவ்வொரு நிலையமாகக் கடந்து, இரண்டு வாரம் போல ஆகி, அலாஸ்காவில் கரை தொட்டதைப் பதிவு செய்தார்கள். புயல் பகுதியை விட்டு வெளியே வந்த பிறகு வழியில் அந்த அலை பெரிதாகச் சக்தி இழக்கவில்லை என்பதுதான் அவர்கள் கண்ட முக்கியமான விஷயம்.

இயற்பியல் மாணவர்கள் இருக்கிறீர்கள், ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மற்றவர்கள் பயப்பட வேண்டாம், பெருக்கல்தான். ஒரு அலை முகடு கடந்து அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நேரத்தை அலைக்காலம் என்கிறோம். ஆழ்கடலில் அலைக்கூட்டம் நகரும் வேகம், அந்தக் காலத்தை 0.78-ஆல் பெருக்கினால் வரும், விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று. 18 விநாடி அலைக்கு விநாடிக்கு 14 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர். நம்ம ஊர் லாரி லோடு ஏற்றிக்கொண்டு போகும் வேகம். ஆனால் இந்த லாரிக்கு டிரைவர் தூங்க வேண்டாம், செக்போஸ்ட் இல்லை, பஞ்சர் இல்லை. ஒரு நாளைக்கு 1,200 கிலோமீட்டர். 6,000 கிலோமீட்டர் தள்ளி நடந்த புயலின் அலை ஐந்தே நாளில் கன்னியாகுமரி வந்து சேர்ந்துவிடும்.

ஒரே புயலில் பல காலங்கள் கொண்ட அலைகள் கிளம்புகின்றன. நாமக்கல்லில் இருந்து ஒரே நேரத்தில் நூறு லாரி டெல்லிக்குக் கிளம்பினால் புது வண்டி முன்னால் போகும், பழைய வண்டி பின்தங்கும் அல்லவா? அப்படித்தான். 6,000 கிலோமீட்டரை 20 விநாடி அலை நாலரை நாளில் கடக்கும். 15 விநாடி அலைக்கு ஆறு நாள் ஆகும். முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்த்தால் அவை எங்கிருந்து, எப்போது கிளம்பின என்று டெல்லியில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். மங்க் அதைத்தான் செய்தார். கலிஃபோர்னியாக் கரையில் அளந்த அலையை வைத்து, அது பிறந்தது நம் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் என்று கண்டுபிடித்த சம்பவமும் உண்டு.

2024 மே மாதத்து அலையும் இந்த வகைதான். ஏப்ரல் கடைசி வாரத்தில் தெற்கு அட்லாண்டிக் பக்கமிருந்து ஒரு வானிலைச் சின்னம் தெற்கு இந்தியப் பெருங்கடலுக்குள் நகர்ந்தது. அங்கே ஏறக்குறைய 11 மீட்டர் அலையை எழுப்பியது. மே 4-ஆம் தேதி வாக்கில் அது கேரளக் கரையையும் லட்சத்தீவையும் தொட்டது. நம் வானத்தில் ஒரு மேகம்கூட அதற்குச் சாட்சி இல்லை. கேரள மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் 'கள்ளக்கடல்'. திருடன் மாதிரி சத்தமில்லாமல் வருகிற கடல். தமிழிலும் அதே சொல்லாக இருப்பது நமக்கு வசதி. 2012-இல் யுனெஸ்கோ இந்தச் சொல்லையே அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. மீனவன் வாய்ச்சொல் ஒன்று உலக அகராதிக்குப் போனது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

சரி, வந்த அலை கரையில் என்ன செய்கிறது? இங்கேதான் பாறை வருகிறது.

நம் மீனவர்கள் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். முத்துக்குளித்த காலத்து முத்துப்பார் என்று கேள்விப்பட்டிருக்கலாம். பவளம் வளர்ந்த பாரும் உண்டு. ஆழ்கடலில் வரும் அலைக்குத் தரை இருப்பது தெரியாது. ஆழம் அதன் நீளத்தில் பாதியாகக் குறையும்போதுதான் அதற்குக் கால் தட்டுகிறது. 18 விநாடி அலையின் நீளம் அரைக் கிலோமீட்டர். ஆகவே 250 மீட்டர் ஆழத்திலேயே அது தரையை உணர ஆரம்பிக்கும். கீழ்ப்பகுதி தட்டித் தட்டி வேகம் குறைய, அலை குறுகி, உயர்கிறது. ஆழம் ஏறக்குறைய அலை உயரத்தின் ஒன்றே கால் மடங்குக்கு வரும்போது தலை குப்புற விழுகிறது. மணல் கரையில் இந்தச் சரிவு மெதுவாக இருக்கும், அதோடு பருவத்துக்குப் பருவம் மணல் இடம் மாறும். பாரில் அப்படியில்லை. ஆழத்திலிருந்து திடீரென்று படிக்கட்டு மாதிரி ஏறும். பாறை நகராது. ஆகவே அலை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி, குழாய் போல் சுருண்டு உடையும்.

அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் உலகமெல்லாம் இப்படிப்பட்ட பார்களைத் தேடித்தான் அலைகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தப் போட்டியைப் பிரான்சில் நடத்தவில்லை. பசிபிக் நடுவே தஹிதித் தீவில் டியாஹூபோ என்ற ஊரின் பவளப்பாரில் நடத்தினார்கள். ஓட்டப் பந்தயம் போல் இத்தனை மணிக்கு என்று அதற்குத் தேதி குறிக்க முடியாது. ஜூலை 27 தொடங்கிப் பல நாட்களை ஒதுக்கி வைத்துவிட்டு, தினமும் அலை முன்னறிவிப்பைப் பார்த்து இன்று உண்டு, இன்று இல்லை என்று முடிவு செய்தார்கள். சில நாள் ஒத்திப்போட்டும் விட்டார்கள். ஆண்கள் பிரிவில் தங்கம் வாங்கியவர் அந்தத் தீவிலேயே வளர்ந்த காவ்லி வாஸ்ட். பாரைத் தெரிந்தவனுக்கு அலை வசப்படுகிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவில் அருகே அறுகம் குடா இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் போயிருந்தேன். நீந்த அல்ல, பார்க்க. முனையில் பாறைத் தளம், அதன் மேல் வரிசை தப்பாமல் அலை உடைகிறது. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் அங்கே பருவம். ஏன் அந்த மாதங்கள் என்று கேட்டால் அதில் நம் ஊருக்கும் சம்பந்தம் உண்டு. தென்கடலில் அப்போது குளிர்காலம், புயல்கள் அதிகம், அலை தெற்கிலிருந்து வருகிறது. அதே சமயம் தென்மேற்குப் பருவக்காற்று இலங்கை மலைகளைத் தாண்டி, மழையையெல்லாம் மேற்கில் கொட்டிவிட்டு, கிழக்கே வறண்ட காற்றாக இறங்குகிறது. அவர்கள் கச்சான் என்கிறார்கள். நாம் ஆடிக்காற்று என்கிறோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து நம்ம ஊர் ஓட்டைப் பறக்க விடுகிறதே, அதே பருவக்காற்றுதான். அங்கே அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் வரும் அலையை எதிர்த்துத் தாங்கிப் பிடித்து, உடையும் வரை முகத்தை வழவழப்பாக வைத்திருக்கும். கடலிலிருந்து காற்று வீசினால் அதே அலை குழம்பிக் கூழாகிவிடும்.

அங்கே அலைச்சறுக்குக் கற்றுத்தரும் பையன் ஒருவன், இருபது வயசு இருக்கும், காலையில் செல்போனைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இண்டைக்குச் சின்னதுதான் அண்ணன். நாளைக்குப் பின்னேரம் பாருங்க." மறுநாள் சாயங்காலம் அலை எழுந்து வந்தது. ஜோசியம் இல்லை, அவன் நாலு எண்ணைப் பார்த்தான். அந்த நாலையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது உயரம். அறிக்கையில் 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் ஒன்றரை மீட்டர் என்று அர்த்தமில்லை. வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. அதே கடலில் அவ்வப்போது ஓர் அலை ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். பேப்பரில் 1.5, நேரில் 3. இதைத் தெரியாமல்தான் "ஒண்ணரை மீட்டர் தானே" என்கிறோம்.

இரண்டாவது, நான் மிக முக்கியமாக நினைப்பது, அலைக்காலம். நம் டிவி செய்தியில் உயரத்தை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. அலை சுமந்து வரும் சக்தி, உயரத்தின் வர்க்கத்தோடும் காலத்தோடும் பெருகும். ஒன்றரை மீட்டர் உயரம் 7 விநாடி என்றால் அது பக்கத்துக் காற்று கிளப்பிய குட்டி அலை. அதே ஒன்றரை மீட்டர் 15 விநாடி என்றால் சக்தி இரண்டு மடங்குக்கு மேல், கரைக்கு வரும்போது இன்னும் உயரும், மணலில் வெகுதூரம் ஏறும், அதே வேகத்தில் திரும்பி இழுக்கும். இன்னொன்று, இந்த நெடும்பயண அலைகள் கூட்டங்கூட்டமாக வரும். நாலைந்து பெரிய அலை, அப்புறம் பல நிமிஷம் கடல் சாதுவாகக் கிடக்கும். அந்த இடைவெளியில் கரைக்கு வந்து பார்க்கிறவன், 'ஏரி மாதிரி இருக்குதப்பா' என்று இறங்கிவிடுவான். அடுத்த கூட்டம் அப்போதுதான் வரும்.

மூன்றாவது திசை. தெற்கிலிருந்து வரும் அலைக்குக் கன்னியாகுமரியும் குளச்சலும் நேர் முகம். ராமேஸ்வரத்துக்கு வடக்கே பாக் ஜலசந்தி இலங்கையின் நிழலில் இருக்கிறது, ஆகவே அங்கே தென்கடல் அலை எட்டிப் பார்ப்பதில்லை. 'ராமேஸ்வரத்தில் கால் நனைச்சோம், ஒண்ணும் ஆகலையே' என்ற அனுபவத்தைக் கன்னியாகுமரிக்குக் கொண்டு போகக் கூடாது.

நான்காவது காற்றும் ஓதமும். ஓதம் என்றால் கடல் மட்டம் ஏறி இறங்குவது. பாரின் மேல் நீர் வற்றும்போது அலை இன்னும் கூர்மையாக உடையும், கீழே பவளம் கத்தி மாதிரி இருக்கும். நீர் ஏறும்போது பெரிய அலையும் சேர்ந்தால், தண்ணீர் ஊருக்குள் புகும்.

இந்தப் பார்கள் அலை விளையாட்டுக்காக மட்டும் இல்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பார். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப்பாரைக் கடக்கும்போது அலையின் சக்தியில் சராசரியாக 97 சதவீதம் குறைந்துவிடுகிறது என்று உலகெங்கும் நடந்த அளவீடுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்டார்கள். அலைத்தடுப்புச் சுவர் கட்டியே பிழைத்தவன் சொல்கிறேன், இந்த அளவுக்குச் செய்யும் சுவரை நாங்கள் கட்டினால் கோடிக்கணக்கில் பில் போடுவோம். கடல் இனாமாகக் கட்டி வைத்ததை நாம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தோம். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடி எதிரே வான் தீவும் கரைந்துகொண்டே வந்தது. 2015-லிருந்து அதைச் சுற்றிக் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

சரி, இந்த எண்களை யார் தருகிறார்கள்? ஹைதராபாத்தில் 1999-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம். சுருக்கமாக இன்காய்ஸ். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள். ஆகவே சேலத்துக்காரனுக்கும் நாமக்கல்காரனுக்கும் அந்தத் தகுதி உண்டு என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 2007-லிருந்து சுனாமி எச்சரிக்கை மையமும் அங்கேதான். 2020-இல் கள்ளக்கடலுக்கென்றே தனி முன்னறிவிப்பு முறையைத் தொடங்கினார்கள். செயற்கைக்கோள் தென்கடல் அலையின் உயரத்தை மேலிருந்து அளக்கிறது. 2013-இல் இஸ்ரோவும் பிரெஞ்சு விண்வெளி நிறுவனமும் சேர்ந்து அனுப்பிய சரல் அந்த வகை. கரையோர மிதவைகள் வந்துசேரும் அலையை அளக்கின்றன. நடுவில் கணினி, நான் சொன்ன லாரிக் கணக்கை லட்சக்கணக்கான புள்ளிகளுக்குப் போடுகிறது. சுனாமிக்கு நிலநடுக்கத்துக்குப் பிறகு சில மணி நேரம்தான் கிடைக்கும். புயல் அலைக்கு வானமே முரசு அடிக்கும். கள்ளக்கடலுக்கு வானத்தில் அடையாளம் இல்லை, ஆனால் நாட்கணக்கில் அவகாசம் இருக்கிறது. கையில் இவ்வளவு நேரம் இருந்தும் உயிர் போவதுதான் என்னால் தாங்க முடியாதது.

நம் பிள்ளைகளிடம் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. நமக்கு நீச்சல் தெரியும்! கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்து, லாரி டியூபைக் கட்டிக்கொண்டு மோகனூர், பரமத்தி வேலூர்க் காவிரியில் நீந்திப் பழகியவர்கள். ஆற்றில் சுழல் எங்கே, மணல் அள்ளிய பள்ளம் எங்கே என்று உள்ளூர்க்காரனைக் கேட்டுத்தான் இறங்குவோம். கடலில் யாரையும் கேட்பதில்லை. கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடலில் கரைக்கு வந்த தண்ணீர் அத்தனையும் எங்காவது ஒரு வழியில் திரும்பிப் போயாக வேண்டும். அந்த வழிதான் இழுவை நீரோட்டம். வாய்க்கால் மாதிரிக் குறுகலாக, கடல் நோக்கி ஓடும். அந்த இடத்தில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் கறுத்து அமைதியாக ஒரு சந்து. கடல் தெரியாதவன் குளிப்பதற்கு எதைத் தேர்ந்தெடுப்பான் என்று நினைக்கிறீர்கள்? அந்தச் சந்தைத்தான். 'இங்கதான் அலையே இல்லை' என்று.

பேச்சு முடிந்ததும் சில கேள்விகள் வந்தன. அவற்றையும் மலரில் சேர்க்கச் சொன்னார் ஆசிரியர்.

என் வகுப்புத் தோழர், இப்போது ரிக் வண்டி வைத்திருப்பவர், கேட்டார்: "ஏப்பா, அந்த இழுவையில மாட்டிக்கிட்டா என்ன பண்றது?" கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது என்றேன். நல்ல நீச்சல்காரன் சோர்ந்து முழுகுவது அதில்தான். அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டு போகும், அவ்வளவுதான். மல்லாந்து மிதந்து கையை ஆட்டிக் கூப்பிட வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் சந்தை விட்டு வெளியே வந்துவிடலாம். பார்த்துக்கொண்டிருக்கும் நண்பன் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கயிறோ, காலிக் குடமோ, டியூபோ, மிதக்கிற எதையாவது வீச வேண்டும். மீனவரைக் கூப்பிட வேண்டும். ஒருவரைக் காப்பாற்றப் போய் அடுத்தவர் என்று ஒரு குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான்.

இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் இந்தத் துறையில் வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டார். இயற்பியலோ கணிதமோ எம்.எஸ்ஸி. வரை ஒழுங்காகப் படித்து, கணினியில் நிரல் எழுதத் தெரிந்திருந்தால் வழி திறக்கும். சென்னையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், கோவாவில் தேசியக் கடலியல் நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி.யில் கடல்சார் பொறியியல் துறை என்று இடங்கள் உண்டு. கடற்கரையில் பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை.

கடைசியாக ஒரு மாணவி எழுந்தார். "சார், பொங்கல் லீவுல எங்க டிபார்ட்மென்ட்ல கன்னியாகுமரி டூர் போறோம். ஜனவரியில கடல் அமைதியாத்தானே இருக்கும்?" ஆடி மாதத்தோடு ஒப்பிட்டால் அடங்கித்தான் இருக்கும் என்றேன். ஆனால் 2025 ஜனவரி 15-ஆம் தேதி, சரியாகப் பொங்கல் சமயம், தமிழகக் கரைக்கும் கேரளக் கரைக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தது. மாதத்தை நம்ப வேண்டாம், கிளம்பும் அன்று காலை அறிக்கையைப் பாருங்கள். உயரம், காலம், திசை, ஓதம் நாலையும் ஒரு தாளில் எழுதி டூர் பொறுப்பாசிரியர் கையில் கொடுங்கள். காலம் என்ற இடத்தில் 14, 15 என்று இருந்தால் அன்று முழுக்க விவேகானந்தர் பாறையையும் சூரிய அஸ்தமனத்தையும் கரையிலிருந்து பார்த்துவிட்டு வாருங்கள். புரியாவிட்டால் எனக்கு ஒரு போன் போடுங்கள், எண் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கெல்லாம் எழுந்துவிடுவேன்.